மாலை போட்டால் நிற்கிற குடி, கழற்றியதும் ஏன் திரும்புகிறது?

கொங்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கோடு போட்ட பள்ளி நோட்டுத் தாளில், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய நீண்ட கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"எனக்கு 41 வயது. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரருக்கு 46. நூல் மில்லில் ஃபிட்டர். கல்யாணமான புதிதில் சம்பளத்தன்று மட்டும் குடிப்பார். இப்போது தினமும் ஒரு ஆஃப் ஆகிறது. ஐந்தாறு மாதமாகக் காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. டீ கிளாஸை இரண்டு கையால் பிடித்தாலும் பாதி பனியனில் கொட்டுகிறது. கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் ராத்திரியே ஒரு குவார்ட்டர் வாங்கி மோட்டார் ரூமில் வைத்துக்கொள்கிறார். காலையில் அதில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் சட்டைப் பொத்தான் போட முடிகிறது.

ஆனால் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டால் 48 நாள் ஒரு சொட்டுத் தொட மாட்டார். மலை இறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே ஆரம்பித்துவிடும். போன கார்த்திகையில் மாலை போட்ட இரண்டாம் நாள், பூஜைக்கு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து கை காலை இழுத்துக்கொண்டார். வாயில் நுரை. சாமி குத்தம் என்று சொல்லி மாலையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் மாசியில் கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கினோம். மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று விளக்குமாற்றால் அடித்துக்கொண்டே இருந்தார். விடிந்ததும் குடித்தார், சரியாகிவிட்டது.

எங்க அண்ணன் ஃபோனில் விளம்பரம் பார்த்து ஒரு பொடி வரவழைத்தார். 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலக்கலாம்' என்று போட்டிருந்தது. மூன்று தடவை குழம்பில் கலந்தேன். மூன்றாவது தடவை அவர் குடித்துவிட்டு வந்ததும் முகமெல்லாம் ரத்தச் சிவப்பாகி, வாந்தி எடுத்து, நெஞ்சு அடைக்கிறது என்று தரையில் படுத்துவிட்டார். 'மருந்து வேலை செய்யுது, விடாதே' என்கிறார் அண்ணன். இதுவும் கேட்கவில்லை என்றால் வண்டி வைத்துத் தூக்கிப் போய் ஆறு மாசம் அடைத்து வைக்கும் இடம் ஒன்று இருக்கிறதாம். பையன் பிளஸ் டூ. அப்பாவோடு பேசுவதே இல்லை. சாமிக்காக நிறுத்துகிறவருக்கு எங்களுக்காக நிறுத்த முடியாதா, டாக்டர்? நினைத்தால் முடிகிறதே. அப்படியென்றால் திமிர்தானே?"

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் வதைக்கிறது என்று தெரிகிறது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் அவசரமான ஒன்று இருக்கிறது.

பொடியை இன்றே நிறுத்துங்கள்

அந்தப் பொட்டலத்தின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை என்கிறீர்கள். ஆனால் நீங்கள் விவரித்த சிவந்த முகம், வாந்தி, நெஞ்சடைப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் டைசல்ஃபிராம் என்ற மருந்தின் மீதுதான் போகிறது. நாங்களும் எழுதித் தருகிற மருந்துதான் அது. 1940களில் டென்மார்க்கில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் குடற்புழுவுக்கு மருந்தாகச் சோதிக்கத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது உடம்பு படாத பாடு பட்டது. அப்படித்தான் இது குடிநோய்க்கு மருந்தானது.

குடித்த சாராயத்தை ஈரல் இரண்டு படிகளில் உடைக்கிறது. முதல் படியில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும். இரண்டாம் படியில் அந்த நச்சு கழியும். டைசல்ஃபிராம் இந்த இரண்டாம் படியை அடைத்துவிடுகிறது. நச்சு உடம்பிலேயே தேங்குகிறது. முகம் சிவக்கும், தலை தெறிக்கும், இதயம் தாறுமாறாக ஓடும், ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். அதனால்தான் ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்து, 'இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் இப்படி ஆகும்' என்று அவரிடமே விளக்கி, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுக்கிறோம். இந்த மருந்து வேலை செய்வதே அந்தத் தெரிதலால்தான். 'இன்று மாத்திரை போட்டிருக்கிறேன், குடிக்க முடியாது' என்று அவர் மனத்தில் ஒரு கதவு சாத்தப்பட வேண்டும். தெரியாமல் கொடுத்தால் அந்தக் கதவே கிடையாது. அவர் வழக்கம்போல ஒரு ஆஃப் குடிப்பார், அவ்வளவும் நச்சாக மாறும். அன்று தரையில் படுத்தவர் எழுந்தது உங்கள் நல்ல நேரம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கடைசியாகக் கலந்த நாளிலிருந்து இரண்டு வாரம் வரைகூட இதன் விளைவு நிற்கும். அதற்குள் குடித்துவிட்டு மறுபடி அப்படி ஆனால், 'வாந்தி எடுத்தால் சரியாகிவிடும்' என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அங்கே மருத்துவரிடம் பொடி கலந்ததை மறைக்காதீர்கள்.

அவரிடம் சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. தனக்கு மாரடைப்பு வந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். என்றாவது ஒரு நாள் அண்ணன் வாயிலிருந்தே வெளிவந்தால், பிறகு நீங்கள் கையில் தரும் எந்த மாத்திரையையும் அவர் நம்பமாட்டார். ஆனால் தனியாகச் சொல்லாதீர்கள். மருத்துவர் முன்னால் சொல்லுங்கள். 'வேறு வழி தெரியாமல் பயந்துபோய்ச் செய்தேன்' என்றால் போதும், அதுதான் உண்மையும்.

அது சாமி குத்தம் இல்லை

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் பொடி அல்ல, அந்தப் பூஜையறை. மாலை போட்ட இரண்டாம் நாள் வலிப்பு. கயிறு கட்டிய மூன்றாம் நாள் சுவரில் பூச்சி. இரண்டும் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே வந்திருக்கின்றன.

பாரம் ஏற்றிய லாரி ஒன்று மேடேறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் பின்னால் இழுக்கிறது, டிரைவர் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கிறார், வண்டி சீராகப் போகிறது. தினமும் உள்ளே போகும் மது அந்தப் பாரம். அது மூளையை மந்தப்படுத்துகிறது. ஈடுகட்ட மூளை தன் ஆக்ஸிலேட்டரை வருடக்கணக்கில் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் பாரத்தை மட்டும் அவிழ்த்துவிட்டால்? மிதித்த கால் மிதித்தபடியே இருக்க, வண்டி தறிகெட்டு ஓடும். சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஜன்னி கண்டதுபோல மனம் பிறழலாம்.

அரசு மருத்துவமனையில் நான் இருந்த காலத்தில் ஒரு மில் தொழிலாளியைச் சேர்த்திருந்தோம். ரிங் ஃபிரேமில் வேலை பார்த்தவர். மூன்றாம் நாள் நள்ளிரவில் கட்டிலில் உட்கார்ந்தபடி, இல்லாத மிஷினில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு விரலால் இழையைத் தேடி எடுப்பார், ஒட்டுவார், அடுத்ததற்கு நகர்வார். நர்ஸம்மா தண்ணீர் கொடுத்தால், 'மேஸ்திரி பார்த்தா திட்டுவாரு, அப்புறம் வாரேன்' என்றார். தகுந்த ஊசி மருந்துகள் போட்டு ஐந்தாம் நாள் தெளிந்தபோது அவருக்கு எதுவும் நினைவில்லை. இந்த நிலையில் வீட்டில் இருந்திருந்தால் பேய் பிடித்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். உடம்புச் சூடு ஏறி, இதயம் களைத்து, உயிர் போகிற நிலை அது.

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் மாலைக் கணக்கைப் பாருங்கள். தொடக்க வருடங்களில் மாலை போட்டால் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிந்தைய வருடங்களில் முதல் வாரம் தூக்கமில்லாமல் எரிந்து விழுவார் என்று நீங்களே ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் வலிப்பு. மாசியில் மாயக்காட்சி. ஒவ்வொரு தடவை திடீரென்று நிறுத்தும்போதும் மூளை முன்னைவிட மோசமாகத் துள்ளப் பழகுகிறது. குடிநோயாளிகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். ஆக, அடுத்த தடவை இதைவிட லேசாக இருக்கும் என்று எதிர்பார்க்க இடமே இல்லை. வலிப்புக்கு வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

இதிலிருந்து வருகிற ஒன்று உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். மோட்டார் ரூமில் கண்ட பாட்டிலைக் கிணற்று மேட்டில் கொட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனைக்குப் போகும் நாள் வரை அதைச் செய்யாதீர்கள். குடிக்கச் சொல்லவில்லை, வாங்கித் தரவும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த வைக்கும் எந்த முயற்சியும் வேண்டாம். சத்தியமும் வேண்டாம், கயிறும் வேண்டாம். குடியை நிறுத்தும் அந்த முதல் வாரம் மருத்துவர் கண்முன் கழிய வேண்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

திமிரா?

'நினைத்தால் நிறுத்த முடிகிறதே.' இந்தக் கேள்வியை எத்தனை மனைவிகள் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிறுத்துவது வேறு, நிறுத்தியபடியே இருப்பது வேறு.

மாலை போட்டவரைச் சுற்றி என்னவெல்லாம் மாறுகிறது பாருங்கள். காலையில் குளிர்ந்த நீரில் குளியல். கறுப்புச் சட்டை போட்டவரை டாஸ்மாக் வாசலில் பார்த்தால் ஊரே கேட்கும். கூட்டாளிகள் கூப்பிட மாட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கைகள் தேடுகிற பொழுதில் பஜனை இருக்கிறது, உட்கார ஆட்கள் இருக்கிறார்கள். பேர்கூட மாறிவிடுகிறது. நேற்றுவரை 'குடிகாரன்', இன்று 'சாமி'. எல்லாவற்றுக்கும் மேல், முடிவு நாள் தெரியும். 48 நாள்தான். மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே ராத்திரியில் காணாமல் போகின்றன. ஆசையின் தடம் மட்டும் மூளையில் அப்படியே இருக்கிறது. அது 48 நாளில் அழிவதில்லை. அதனால், சாமிக்காக நிறுத்தியவர் உங்களுக்காக நிறுத்தவில்லை என்று எடைபோடாதீர்கள். சாமி அவருக்குக் கொடுத்தது ஒரு ஏற்பாடு. வீட்டில் அந்த ஏற்பாடு இல்லை.

மாலைதான் குருட்டு நம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு எது பிடிமானம் என்பதைக் காட்டும் பெரிய தடயம் அது. குடிநோயர் கூட்டங்கள், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியதும் கிட்டத்தட்ட இதே ஏற்பாட்டில்தான். ஒரே நோவு உள்ளவர்கள் ஓரிடத்தில் கூடுவது, இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன் என்பது, முன்பே நிறுத்தியவர் ஒருவர் கைபிடித்து நடத்துவது. ஒரு குருசாமி, சில சாமிகள் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். கட்டணம் கிடையாது, தமிழ்நாட்டில் தமிழிலேயே பல ஊர்களில் நடக்கின்றன.

இது நோய்தானா, வெறும் பழக்கமா என்று அண்ணன் கேட்டால் இதைக் காட்டுங்கள். 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். 375 மில்லி ஆஃப் என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்று மேல். உலக அளவில் ஒரு 'டிரிங்க்' என்று பொதுவாகக் கணக்கிடுவது 10 கிராம். அவர் தினமும் பன்னிரண்டு டிரிங்க்குக்கு மேல் குடித்துவிட்டு நிதானமாக வண்டி நிறுத்துகிறார். அண்ணன் அதை 'தாங்குற உடம்பு' என்கிறாராம். அத்தனையைத் தாங்கும்படி மூளை மாறிப்போயிருப்பதே நோயின் அடையாளம். அதோடு காலை நடுக்கம், அதை அடக்கக் காலைக் கட்டிங், ராத்திரியே வாங்கிப் பதுக்குவது, வேண்டாம் என்று நினைத்தும் முடியாமல் போவது. இவற்றில் எதுவும் திமிரின் அறிகுறி இல்லை.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. மில் தொழிலாளி என்பதால் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும், அங்கேயும் தொடங்கலாம். வழக்கமாக ஒரு வாரம், பத்து நாள் உள்ளே இருக்க வேண்டிவரும். வலிப்பு வந்த வரலாறு இருப்பதால் இவருக்கு வீட்டிலிருந்து மாத்திரை என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

லாரியின் ஆக்ஸிலேட்டரைப் படிப்படியாக இறக்கும் மருந்துகள் கொடுப்பார்கள். குளோர்டயாசிபாக்சைடு, ஈரல் கெட்டிருந்தால் லோராசிபாம். சில நாளில் குறைத்து நிறுத்தப்படும் மருந்துகள் இவை. மீதமானதை வீட்டில் வைத்துத் தூக்கத்துக்குப் போட்டுக்கொண்டால் ஒரு பழக்கம் போய் இன்னொன்று வரும். அதனால் நாள் கணக்குப்படி உங்கள் கையால் கொடுங்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. நம் ஊரில் குடித்துத் தளர்ந்தவரைக் கண்டால் முதலில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. பல வருடம் குடித்தவர் உடம்பில் பி1 வறண்டு கிடக்கும். அந்த நிலையில் பி1 போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கலாம். பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது, குழப்பம் என்று தொடங்கி நினைவாற்றலையே நிரந்தரமாக அழிக்கும் பாதிப்பு அது. பக்கத்துக் கிளினிக்கில் 'ஒரு பாட்டில் ஏத்திட்டு வந்துடலாம்' என்று யாராவது சொன்னால், முதலில் பி1 போடுவீர்களா என்று கேளுங்கள்.

நடுக்கம் நின்றதும் சிகிச்சை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தொடக்கம்தான். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகச் சோதனையைப் பார்த்து எது என்று முடிவு செய்வார்கள். அவரே சம்மதித்தால், சோதனைகள் சரியாக இருந்தால், அந்த டைசல்ஃபிராமும் ஒரு வழிதான். மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும். ஆலோசனைக்கு வந்துபோக வேண்டும். நடுவில் ஒரு நாள் சறுக்கக்கூடும். சறுக்கினால் 'எல்லாம் போச்சு' என்று கைவிடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எப்போது சறுக்கினார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் சம்பள நாள், சாவு வீடு, அல்லது 'பீர்தானே' என்று இருக்கும். ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலில் கிட்டத்தட்ட 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பீர் சரக்கில் சேராது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

வேலை போய்விடுமே என்ற பயத்தில் மில்லுக்கு 'காய்ச்சல்' என்று ஃபோன் செய்துகொண்டிருக்கிறீர்கள். இனி வேண்டாம். சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்றின் பேரில், வருடத்தில் 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். பொய்க் காய்ச்சலை விட மெய்ச் சான்று அவர் வேலைக்குப் பாதுகாப்பு.

தூக்கிப் போய் அடைப்பது பற்றி

அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. தங்கச்சி வாழ்க்கை இப்படியாகிறதே என்று எந்த அண்ணனும் துடிப்பான். ஆனால் அவர் சொல்லும் வழி சட்டப்படியும் தவறு, மருத்துவப்படியும் ஆபத்து.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மதுப்பழக்கத்தோடு வரும் மனநிலைகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. அதன்படி ஒருவர் தானே சம்மதித்துச் சேர்வதுதான் முதல் வழி. தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கும் நிலையில், அல்லது தன்னையே கவனித்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால், அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், இருவர் தனித்தனியே பரிசோதித்து ஒப்புக்கொண்ட பிறகு, 30 நாள் வரை சேர்க்கலாம். அந்த இருவரில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் மறுஆய்வு வாரியத்தின் பார்வைக்குப் போகும். ஆள் வைத்துத் தூக்கி ஆறு மாதம் பூட்டி வைப்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. சங்கிலி போடுவது எந்த வடிவிலும் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்ததை உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

சட்டத்தை விடுங்கள். இரண்டாம் நாள் வலிப்பு வருகிற மனிதரை மருத்துவர் இல்லாத ஓர் அறையில் பூட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நல்ல மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மையம் போன்றவை குடும்பத்தையும் சேர்த்து வைத்துச் சிகிச்சை தரும் முறையை இங்கே வளர்த்தன. எந்த மையமானாலும் வாசலில் நான்கு கேள்வி கேளுங்கள். அரசுப் பதிவுச் சான்று எங்கே? மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார்? ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? நான் வாரத்தில் எப்போது அவரோடு பேசலாம்? கடைசிக் கேள்விக்கு 'மூணு மாசத்துக்குப் பார்க்கக் கூடாது' என்று பதில் வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அவரிடம் எப்படிப் பேசுவது?

ராத்திரி பத்தரைக்கு அவர் வண்டி நிற்கும் சத்தம் கேட்டதும் நீங்கள் மிஷினை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு எழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் சொல்வது எதுவும் அவருக்குள் போகாது, மறுநாள் நினைவிலும் இருக்காது. உங்கள் தூக்கம் மட்டும்தான் போகும். காலையில் நடுக்கம் அடங்கி, போதையும் ஏறாத ஒரு பொழுது இருக்கும். அது எப்போது என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். அப்போது பேசுங்கள். 'குடியை விடு' என்று தொடங்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அவர் காது மரத்துப்போயிருக்கும். 'கை இப்படி நடுங்குதுங்களே, போன வருஷம் மாதிரி வந்துருமோன்னு பயமா இருக்குதுங்க. அதுக்கு மட்டும் ஒருக்கா டாக்டரைப் பாத்துட்டு வந்துரலாமுங்க' என்று சொல்லிப் பாருங்கள். ஃபிட்டர் அவர். கை நடுங்குகிற ஃபிட்டருக்குத் தன் கை மேல் உள்ள பயம் நமக்கு இருப்பதைவிட அதிகம். வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டுமாவது வாருங்கள். வீட்டார் முதலில் வந்து, ஆள் பிறகு வந்த கதைகள் எங்கள் ஓ.பி.யில் ஏராளம். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

பையனை ராத்திரியில் அப்பாவைக் கூட்டிவரக் கடைக்கு அனுப்பாதீர்கள். பதினேழு வயதில் டாஸ்மாக் பாரில் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கிற பையன், அந்தக் கூச்சத்தைத் தாங்க மௌனத்தைத்தான் எடுத்துக்கொள்வான். அது வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவனிடம் நடப்பதை மறைக்காமல், இது நோய், சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கிறோம், இதைச் சரிசெய்வது உன் வேலை இல்லை என்று மூன்று வரியில் சொல்லிவிடுங்கள்.

இரண்டு தடவை கை நீட்டினார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். நான் தாண்டமாட்டேன். நோய் என்பது அடிப்பதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது, வீடு யார் பேரில் இருந்தாலும் சரி. மறுபடி கை ஓங்கினால் மகளிர் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள், மாவட்டச் சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவருக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்வதும் உங்களைக் காத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவை இந்த வாரம் எடுக்க வேண்டியதில்லை.

கார்த்திகைக்கு முன்

இப்போது புரட்டாசி. மாலை போட இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. இந்த வருடமும் போடுவேன், போன வருஷக் குறையைத் தீர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்கிறீர்கள். சொல்லட்டும். அவர் வாயிலிருந்தே நிறுத்தும் ஆசை வருகிறது, அதைவிட நல்ல வாய்ப்பு நமக்குக் கிடைக்காது. கார்த்திகை முதல் தேதி கடைசிக் குவார்ட்டரை முடித்துவிட்டு மறுநாள் மாலை என்பது மட்டும் கூடாது. ஐப்பசி பிறக்கும் முன்பே மருத்துவமனையில் சேர்ந்து, உடம்பு தெளிந்த பிறகு மாலை போடட்டும். விரதத்தில் மாத்திரை சேராது என்று யாராவது சொன்னால், சர்க்கரை மாத்திரை போடாத சாமிகள் இன்று எத்தனை பேர் என்று கேளுங்கள். மலையேறலாமா என்பதை மட்டும் வலிப்புச் சோதனைகளைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். குருசாமியிடமும் ஒரு வார்த்தை, போன வருடம் நடந்தது என்ன என்று விளக்கிவிடுங்கள். பல குருசாமிகள் நல்ல மனிதர்கள். மாலை கழற்றிய பிறகும் வாரம் ஒரு சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைக்கச் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஓ.பி.க்கு வாருங்கள், சீக்கிரம் வந்தால் கூட்டம் குறைவு. அவருடைய ஆதார், இ.எஸ்.ஐ. அட்டை, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அதன் அட்டை, போன வருடம் வலிப்பு வந்தபோது எந்த மருத்துவமனையிலாவது காட்டியிருந்தால் அந்தச் சீட்டு. காலையில் குடிக்காமல் கூட்டி வந்தால்தான் மரியாதை என்று அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், நடுங்கிக்கொண்டு பஸ்ஸில் வலிப்பு வரும். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பொடியில் மீதம் இருந்தால் குப்பையில் போட வேண்டாம், கூரியர் கவரோடு அப்படியே எடுத்து வாருங்கள். உள்ளே என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.